நாக்கில் ஒட்டும் சாக்லேட்

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகளின் நாக்கில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கீரை, பாகற்காய் எல்லாமே சாக்லேட்டாக இனிக்கும். தட்டில் ஒரு துண்டுகூட மிஞ்சாது, செம கண்டுபிடிப்பு! சமையல் செய்யும் பூங்கொடி அக்காவுக்கு மட்டும் ஒரே குறை.

"என் கைப்பக்குவம் எப்படின்னு ஒரு புள்ளைக்கும் தெரியாது டீச்சர்."

இதைக் கேட்ட இரண்டாம் வகுப்பு தமயந்தி, ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுப் பாகற்காய்ப் பொரியலை வாயில் போட்டாள். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர்.

"துப்பிடு தங்கம்!" அக்கா பதறினார்.

அவள் மென்று விழுங்கினாள். என்ன பிள்ளை இவள்!

"கசக்குதுக்கா. உப்பே இல்ல."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. உப்பு டப்பாவோடு ஓடிவந்தார்.

"எவ்ளோ போடணும், சொல்லுடி!"