இடது பக்க ஜன்னல்

"இடது பக்க ரூம் எங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் வலது பக்கம் போயிடுங்க."

கப்பலில் கால் வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மூத்தவள் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

சக்கர நாற்காலியில் இருந்த இளையவளுக்கு முகம் சுருங்கிப் போனது.

"அக்கா, இடது பக்கம் நான் கேட்டுக் கேட்டு வாங்கினது."

"தெரியும். ஏன், எனக்கு மலை பார்க்க ஆசை இருக்காதா?"

மூத்தவள் அண்ணன் மனைவி, இளையவள் தம்பி மனைவி. வீட்டில் மூத்தவளுக்கு 'மேலிடம்' என்று பட்டப்பெயர். மேலிடம் ஒன்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. கப்பலிலும் அவள்தான் சாமான்களோடு முதலில் ஏறினாள். இரண்டு அறைகளையும் திறந்து பார்த்தாள். வந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

இளையவள் டெய்லர். முதுகில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள். அந்த அறையிலும் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அதையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "நான் எழுந்துட்டா, படுத்துக்கிட்டே மலை தெரியற இடத்துக்கு ஒரு தடவை போயிட்டு வரணும்" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிட்டாள். அதற்காகத்தான் இந்தப் பயணமே. போகும்போது கப்பல், திரும்பும்போது ரயில். கப்பல் கரையை ஒட்டியே போகும். மலை, ஊர், கலங்கரை விளக்கம் எல்லாமே இடது பக்கம். போய்வந்தவர்களை எல்லாம் துளைத்தெடுத்து விசாரித்து, அவளே பார்த்துப் பார்த்து எடுத்த அறை அது. இன்னமும் அவளால் ரொம்ப நேரம் உட்கார முடியாது. மேல்தளம், காற்று எல்லாம் ஆகாது. அறை ஜன்னல்தான் அவளுக்குக் கப்பல்.

"அண்ணிகிட்ட நான் பேசவா?" என்றான் கணவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"விடுங்க. வந்த இடத்துல சண்டை எதுக்கு?"

வலது பக்க ஜன்னலில் கடல். கடலைத் தவிர ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தாள்.

விடிந்தபோது, கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுந்து நேராக அவள் போர்வை மேல் வந்து உட்கார்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏங்க! எழுந்திருங்க! மீன் குதிக்குது!"

கணவன் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தான். "அது மீன் இல்லடி, டால்பின்."

"எதுவா இருந்தா என்ன? குதிக்குதுல்ல!"

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கணவன் டால்பினைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு பெரிசா ஒண்ணு எதிர்ல இருக்குங்க. குறுக்கே ஒரு சுவர்கூட இல்ல" என்றாள். கண் நிறைந்திருந்தது. "கடவுள் கண்ணைத் திறந்துட்டார், போங்க."

இருந்தாலும், மறுநாள் சாப்பாட்டு மேஜையில் கணவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்படி அண்ணி, உங்க இடது பக்கம்?"

"அடேயப்பா! மலை அப்படியே ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது. நேத்து ஒரு அருவிகூட வந்துச்சு!"

மூத்தவளின் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூத்தவள் அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். வாயெடுத்தவர் ரொட்டியைக் கடித்தார்.

அடுத்த நிமிஷம் மூத்தவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். மூக்கு சிவந்திருந்தது. முகம் காற்றிலும் வெயிலிலும் அடிபட்டுக் கறுத்திருந்தது.

"ரூமுக்குள்ள உட்கார்ந்து மலை பார்க்கறவங்களுக்கு ஜலதோஷம் எங்கிருந்து வருதாம்?" என்று முணுமுணுத்தான் தம்பி.

"சும்மா இருங்க. எனக்குக் கடலே போதும்" என்றாள் இளையவள். நிஜமாகவே அவளுக்குப் போதுமாகத்தான் இருந்தது.

கடைசி நாள் காலை. இறங்கப் புறப்படும்போது புடவைக்கு ஊக்கு ஒன்று தேவைப்பட்டது. இளையவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து இடது பக்க அறைக்குப் போனாள். பெட்டிகளோடு வெளியே வந்த மூத்தவளின் கணவர், "உள்ளதான் குளிச்சிட்டிருக்கா, போம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அறைக்குள் கும்மிருட்டு. குளியலறையில் தண்ணீர் சத்தம்.

விளக்கைப் போட்டு ஊக்கை எடுத்தாள். ஜன்னலில் கனத்த திரை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மலையை ஒரு தடவை பார்க்காமல் போவதா? திரையை இழுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஓர் உயிர்காப்புப் படகு தொங்கியது. ஆரஞ்சு நிறத்தில், பூதம்போல, கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு. விரல் நுழையும் அளவுக்குக்கூட வானம் தெரியவில்லை.

இளையவள் அப்படியே நின்றாள். சாவி மாறியது ஏன் என்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"யாரு, நீயா?" உள்ளேயிருந்து மூத்தவளின் குரல் பதறியது. "திரையைத் தொட்டுடாதேம்மா, வெயில் கண்ணைக் கூசும்!"

"திறந்துட்டேன்க்கா."

குளியலறையில் தண்ணீர் நின்றது. பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் மேலிடம் கேட்டது:

"மலை தெரியுதா?"

இளையவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுதுக்கா. இவ்வளவு கிட்டத்துல நான் மலையைப் பார்த்ததே இல்ல."