பசித்த மூச்சு

மாதா கோயிலின் தானியங்கிக் கதவு, உள்ளே வருபவரின் மூச்சை முகரும். கொள்ளைக் காய்ச்சல் கண்டவரின் மூச்சில் தனி வாடை உண்டு. அது பட்டால் கதவு திறக்காது. மூன்று நாள் பட்டினி கிடப்பவரின் மூச்சிலும் கிட்டத்தட்ட அதே வாடைதான்.

காய்ச்சல் வார்டில் கிடக்கும் மகளுக்காக, பிரகாசி மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்து விரதமிருந்தாள். அதே வெறும் வயிற்றோடு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ச்சை. கதவு திறக்கவில்லை.

“ஒரு பழத்தத் தின்னுட்டு வா. மாதா கோவிக்க மாட்டா,” என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சிலுவைராயன், வாசலில் நின்று ஒரு பழத்தை நீட்டியபடி.

“நேந்தது பட்டினியோட ஏத்துறதுக்குண்ணே.”

மகளுக்கு மூச்சு இழுக்கிறதென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இனிக் காத்திருக்க நேரமில்லையென்று பிரகாசி அவர் நீட்டிய பழத்தை விழுங்கினாள். அரை மணியில் கதவு திறந்தது. படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

“விரதத்த முறிச்சிட்டு எந்த மூஞ்சியோட ஏத்த? இன்னைலருந்து மறுபடி மூணு நாளு இருக்கேன்.”