தேயாத பட்டன்

கரண்ட் போவதற்குள் இவன் கிளம்பிவிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போகாமல் கிளம்பிவிட வேண்டும். டீ டம்ளரை நீட்டும்போது ரெஜினாவின் மனதில் இது மட்டும்தான் ஓடியது.

உள்ளறையிலிருந்து அந்தக் குட்டி மெட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கதுரை அதைக் கேட்டுச் சிரித்தான். கையில் வைத்து விளையாடுகிற கேம் மெஷினைப் புதிதாக இறக்கியிருக்கும் கம்பெனியின் ஆள் அவன். கடலூரிலிருந்து வந்திருந்தான்.

“ஆட்டம் மும்முரமா நடக்குது போல,” என்றான். “அக்கா, போன வருஷம் இந்த ஊருல சில வூட்டுக்கு மெஷின சும்மா குடுத்துப் பாத்தோம். மத்த வூட்டுலல்லாம் பரண்ல கெடக்குது. ஒரு வூட்டுல கதவு சாத்திக்காம இருக்க அண்டக் குடுத்து வச்சிருக்காங்க.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“செல்போன்லயே கேம் வந்துடுச்சு, இது ரெண்டு வருஷம் தாண்டாதுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க. பத்து வருஷம் நிக்கும்னு நான் ஒருத்தன்தான் சொல்லிட்டுத் திரியறேன். இல்லன்னு ஆயிட்டா எனக்கு வேலையே இல்ல. உங்க மெஷினக் கொஞ்சம் காட்டுங்க.”

அவள் உள்ளே போய், சார்ஜரைப் பிடுங்கி, இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வந்தாள். மெட்டும் கூடவே வந்தது.

“பாவம், ஆடிக்கிட்டிருந்த பையன்கிட்டேருந்து புடுங்கிட்டோம். என்னைத் திட்டப் போறான்.”

“பையன் இல்ல தம்பி. என் வூட்டுக்காரருது. ஆட்டம் நிறுத்தித்தான் இருக்குது.”

“சார்தான் ஆடறாரா?” தங்கதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் கட்டைகள் சந்தில்லாமல் அடுக்கியிருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு பள்ளம். மேலே நீளக் கட்டை ஒன்று அந்தரத்தில் நின்றது. “அடேயப்பா, என்னா அடுக்கு. இது எறங்குனா பாதி காலி.”

அவள் கணவர் டோமினிக், பீங்கான் ஆலையில் சூளைக்குள் சாமான் அடுக்கிய மனிதர். பீங்கான் மாவுத் தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. மெஷின் கைக்கு வந்த அன்று, ‘சூளையில சந்து விட்டு அடுக்கணும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இதுல சந்து விடாம அடுக்கணும். ஆனா தூசி இல்ல பாரு ரெஜினா’ என்றார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

தங்கதுரை மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினான். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று திரை காட்டியது. அவன் கண்கள் விரிந்தன.

“ராத்திரி பகலா ஓடியிருக்கே. சார் தூங்கவே மாட்டாரா?”

“இருமல் தம்பி. படுத்தா மூச்சு முட்டும். செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் ஆடுவாரு.”

“ஜெராக்ஸ் கடைக்காரரும் சொன்னாரு. கரண்ட் போனா அவரு ஜெனரேட்டர்ல சொருவ இதத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களாமே. இந்த மாதிரி ஒரு வூடு போதும்க்கா எனக்கு.” விரலால் மெஷினைத் தடவிப் பார்த்தான். “இதப் பாருங்க, இவ்ளோ மணி நேரம் ஓடியும் பட்டன் கொஞ்சங்கூடத் தேயல. என்னா தரம். இதக் கொண்டுபோயி காட்டுனா ஹெட் ஆபீஸ்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்.”

அவன் பேச்சைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. வெளியூர்ப் பையன், சார் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் சொல்லட்டும் என்றிருந்தது.

“இத எங்கிட்ட குடுத்துடுங்க. பதிலுக்குப் புதுசு தரேன், பெரிய திரை.”

“வேணாம்.”

“ரெண்டாத் தரேன்.”

“வேணாம் தம்பி. இது இங்கயே இருக்கட்டும்.”

“சரிக்கா, உங்க இஷ்டம். மணிக்கணக்கு பதிஞ்சிருக்கிற சிப்ப மட்டுமாவது கழட்டிக்கிறேன். ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணாப் போதும்.” மெஷினைத் திருப்பினான். “இதுல ஒரே கொற, பாதியில அணைச்சா ஆட்டம் அழிஞ்சிடும். அடுத்த மாடல்ல சரி பண்ணிடுவோம். ஒரு ஆட்டந்தானே, போனாப் போவுது. சார் புதுசா ஆடிக்குவாரு.”

அப்போது கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் அவன் கையிலிருந்த மெஷினின் மெட்டு மட்டும் கேட்டது. உள்ளறையிலிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை.

தங்கதுரையின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. ரெஜினா குனிந்து, குரலை உயர்த்தாமல், அந்த விரலை விலக்கி மெஷினை வாங்கிக்கொண்டாள்.

“ஆஃப் பண்ண வேணாம் தம்பி. சாவறதுக்கு முன்ன அவரு நிறுத்தி வச்ச ஆட்டம் இது.”