சாயங்காலக் காத்து

அடுப்புலேர்ந்து சோத்தை இறக்கி வெச்சுட்டு, திருவண்ணாமலையிலேர்ந்து ராமேஸ்வரத்துக்கு போன் போட்டா த்ரிசலா. அவங்க ஜெயின் வீடு. பொழுது சாஞ்சா யாரும் வாயில எதையும் வைக்க மாட்டாங்க.

"இன்னுமா கடல்ல ஆட்டம்? துடுப்புப் பலகையில நின்னு பழகறேன்னுதானே போனது? இப்ப பாய் கட்டின பலகை வேறயா?"

"காத்து சீசன்! இப்பதான் பலகை சும்மா பறக்குது. இன்னும் ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்துடறேனே."

"அதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அப்புறம் ராத்திரி பூரா பட்டினிதான். ஒழுங்கா கரையேறி சாப்பிடற வழியைப் பாரு!"

"நான் காலையிலேயே உபவாசம் எடுத்துட்டேன்."

"இந்த ஆட்டத்துக்காக உபவாசமா?"

"உபவாசம் பகவானுக்கு. காத்து எனக்கு. நீ நேரத்தோட உங்கப்பாவுக்கு சோத்தைப் போடுடி!"ன்னு சொல்லிட்டு, அம்மா திரும்பவும் கடலுக்குக் கிளம்பிட்டாங்க.