வறண்ட பாறை

அரிசோனாவில் ஹுவாலபாய் பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வேஷனுக்குப் புது மாப்பிள்ளையாக வந்திருந்த கிளெமென்ட், மச்சான் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வரைந்த நிலப்படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன மச்சான், இதைப் போயி மாட்டி வெச்சிருக்கே? காலையில நாம மாட்டுக்குத் தண்ணி காட்டுன ஊத்தையே காணோம். அந்த இடத்துல ‘வறண்ட பாறை’ன்னு எழுதியிருக்கான்!”

“ஆமா” என்று காபியை நீட்டினான் வில்பர்ட்.

“பட்டாளத்துக்காரனுக்கு வழி காட்டுனவன் சரியான மடையன் போல. கீழே பேரு வேற போட்டிருக்கு. யாரு இந்த ஆளு?”

“எங்க கொள்ளுத்தாத்தா.”

கிளெமென்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வில்பர்ட் நெஞ்சை நிமிர்த்தினான். “படத்துல ஏறுன ஊத்தையெல்லாம் வெள்ளைக்காரப் பண்ணைக்காரங்க வளைச்சுப் போட்டுட்டாங்க. இது ஒண்ணுதான் நமக்கு மிஞ்சிச்சு. தன் நாக்கு வறண்டு ஒட்டிக்கிட்டப்பகூட, தாத்தா அந்தப் பட்டாளத்துக்காரனுங்களை ஊத்துப் பக்கமே விடாம மலையைச் சுத்திக் கூட்டிட்டுப் போனாரு.”

கிளெமென்ட் எழுந்துபோய், சட்டைக் கையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தான்.

“இனி நீயும் இந்த வீட்டு ஆளு. நாளைக்கு எவனாவது அளக்க வந்து கேட்டா என்ன சொல்லுவே?”

“அங்கே ஏது மச்சான் தண்ணி? வெறும் பாறை!”