முசுமுசுக்கை

மகன் வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதிலிருந்து சங்கிலிமுத்து அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பேத்திக்கு விடாத இருமல் என்று காதில் விழுந்ததும், வேலியில் படர்ந்து கிடந்த முசுமுசுக்கைக் கொடியைப் பறித்துக்கொண்டு போய் வாசலிலேயே நின்றார். மருமகள் ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"அரிசியோட அரைச்சு அடை சுட்டுக் குடும்மா."

சொரசொரப்பான இலைகளை அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மறுநாளும் வந்தார். வாரம் முழுக்க வந்தார். படி மட்டும் ஏறவில்லை.

அன்று கொடியைக் கொடுத்துவிட்டு, "இருமல் நின்னுருச்சா?" என்று கேட்டார்.

எப்போதோ நின்றிருந்தது. ரெஜினா தயங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

உள்ளே குழந்தை கலகலவென்று சிரித்தது. சங்கிலிமுத்து அதைக் கேட்டபடி நின்றார்.

"அப்ப நாளைக்கும் கொண்டாறேன்" என்றார்.