கழுவாத ஃபிலிம்

தபால் கவுன்டர்க்காரர் பார்சலைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே லொடலொடவென்றது. அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார்.

அதை அனுப்ப வந்த டீச்சருக்குச் சுருக்கென்றது.

உள்ளே இருந்தவை ஐந்து ஃபிலிம் ரோல்கள். மூன்று மாதம் முட்டியளவு சேற்றில் நின்று எடுத்த படங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பில் ஒரு பறவைகூடக் கூடு கட்டுவதில்லை, அங்கே ஆலை கட்டினால் என்ன என்று சாதித்துக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி. அதை மறுக்க டீச்சரிடம் இருந்த ஒரே சாட்சி இதுதான். கழுவ வேண்டுமென்றால் தலைநகரத்து லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். விசாரணைக்கு இருபதே நாள்.

ஒவ்வொரு ரோலையும் அதன் டப்பாவுக்குள் போட்டு, சுற்றிலும் பஞ்சு அடைத்து மறுநாள் கொண்டுபோனார். சத்தம் நின்றிருந்தது. ஆனாலும் மனிதர் வாங்கவில்லை. எக்ஸ்ரே மெஷினுக்குள் போனால் படம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், 'கழுவாத ஃபிலிம், எக்ஸ்ரே கூடாது' என்று மேலே சிவப்பு மையில் எழுதுங்கள் என்றார். எழுதியதும், மழை பட்டால் என்ன செய்வீர்கள், பிளாஸ்டிக் பை எங்கே என்றார்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"இது என்ன படம்னு தெரியுமா சார்? சதுப்புல நாரைங்க கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருக்கிற படம். இது ஒழுங்காப் போய்ச் சேர்ந்தாத்தான் அந்த ஆலை வராது. நீங்க இப்படி இழுத்தடிச்சா எப்படி?"

அவர் பார்சலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படின்னா ரெண்டு பார்சலாப் பிரிச்சுக் கொண்டாங்கம்மா. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு போய்ச் சேரும். காலையிலயே வந்துடுங்க. மத்தியான வண்டி வெயில்ல நிக்கும், ஃபிலிம் வெந்துடும்."

வேண்டுமென்றே அலைக்கழிக்கிறான் என்று தங்கையிடம் புலம்பித் தீர்த்தார் டீச்சர். கம்பெனிக்கு வேண்டிய ஆளாக இருப்பான் என்றாள் தங்கை. மூன்றாம் நாள் காலை ஒருவழியாக இரண்டு பார்சலுக்கும் ரசீது கைக்கு வந்தது.

விசாரணை அன்று அதிகாரி படங்களை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை. குஞ்சுகள் இரைக்குத் திறந்த வாய்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. நாற்பத்திரண்டு கூடுகள். கம்பெனி வக்கீல் தன் ஃபைலை மூடி வைத்தார். ஆலைக்கு அனுமதி கிடையாது என்று அதிகாரி வாசித்ததும் கூடமே அதிரக் கைதட்டியது. தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

சத்தம் அடங்கியபின், வக்கீலின் குமாஸ்தா சில காகிதங்களோடு எழுந்தார். சதுப்பை ஒட்டியிருந்த தங்கள் நிலத்தை ஆலைக்கு விற்கச் சம்மதித்திருந்தவர்கள் எல்லாம் வந்து, விற்பனை ரத்து என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஒருவர் டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"படமெல்லாம் பளிச்சுனு வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டார் தபால் கவுன்டர்க்காரர்.